ஒரு கிலோமீட்டர் தூரத்துத் தங்கம்: புதையல் கருவிகளில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதோ பூர்வீக நிலத்தைப் பாகம் பிரிக்கும்போதோ பல குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்பும். கொள்ளுப்பாட்டி ஒரு செப்புக் குடத்தில் காசும் நகையும் போட்டுப் புதைத்து வைத்தாள், இடத்தைச் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டாள் என்று. பேச்சு தெருவைத் தாண்டியதும் ஒரு புரோக்கர் வந்து சேர்வார். அவருக்குத் தெரிந்த ‘பார்ட்டி’யிடம் ஒரு மிஷின் இருக்கும். ஜெர்மனிச் சரக்கு என்பார், அமெரிக்கா என்பார். சூட்கேஸைத் திறந்தால் ஒரு கைப்பிடி, அதன் மேல் லேசாகச் சுழலும் ஒன்றிரண்டு ஆன்டெனாக் கம்பிகள், தங்கம், வெள்ளி, வைரம், தண்ணீர் என்று தேர்ந்தெடுக்கப் பட்டன்கள். கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தால் தங்கம் இருக்கும் பக்கம் கம்பி திரும்புமாம். ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே காட்டுமாம், பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் இருந்தாலும் விடாதாம்.

லாங் ரேஞ்ச் லொக்கேட்டர் என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கப்படும் சாமான் இது. சிலர் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். சிலர் ஸ்கேன் சார்ஜ் கொடுங்கள், கிடைப்பதில் பங்கு கொடுங்கள் என்பார்கள். அந்தக் குடும்பத்துக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. சாதாரண மெட்டல் டிடெக்டர், ஆழத்துக்கென்றே செய்த பெரிய டிடெக்டர், ஜிபிஆர் என்கிற நிலத்தடி ரேடார், மண்ணின் மின்தடையை அளக்கும் சர்வே, மை போட்டுப் பார்ப்பவர், இவை எதுவுமில்லாமல் நிதானமாக இடித்துப் பார்ப்பது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாங் ரேஞ்ச் கருவிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், இனாமாகக் கொடுத்தாலும் அதை நம்பிக் குழி தோண்ட வேண்டாம். மற்றவற்றில் எது என்பது இடத்தைப் பொறுத்தது, மண்ணைப் பொறுத்தது, முக்கியமாக அந்தக் கதைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கம்பி திரும்புவது நிஜம்தான்

இந்தக் கருவியை நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கம்பி திரும்புவதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பிடித்திருப்பவரும் பெரும்பாலும் வேண்டுமென்று திருப்புவதில்லை. நம் ஊரில் கிணறு வெட்டவும் போர் போடவும் நீரோட்டம் பார்ப்பவர் கவைக்குச்சியைப் பிடித்து நடப்பாரே, அவர் கையில் குச்சி வளைவதும் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதும் அதே வகைதான். மனதில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தால், நாம் உணராத அளவுக்குச் சிறிய அசைவுகளைக் கைத்தசைகள் தாமாகவே செய்யும். 1852இல் வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய உடலியலாளர் இதை விவரித்துப் பெயரும் வைத்தார். அடுத்த வருடமே மைக்கேல் ஃபாரடே, ஆவிகள் மேசையை நகர்த்துகின்றன என்று லண்டனில் பரபரப்பாகப் பேசப்பட்ட விளையாட்டைச் சோதித்தார். மேசைக்கும் கைகளுக்கும் நடுவே நழுவக்கூடிய அட்டை அடுக்குகளை வைத்துப் பார்த்ததில், கைகளை ஒட்டிய அடுக்குதான் முதலில் நகர்ந்தது. மேசையைத் தள்ளியது உட்கார்ந்திருந்தவர்களின் கைகள், அவர்களுக்கே தெரியாமல்.

லாங் ரேஞ்ச் கருவியின் கம்பி ஏறக்குறைய உராய்வே இல்லாத அச்சில் நிற்கிறது. மணிக்கட்டு ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்தாலே போதும், கம்பி ஒரு பக்கமாக ஓடிவிடும். இதைச் சோதிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். கருவியை ஒரு கேமரா ஸ்டாண்டில் மட்டமாகப் பொருத்திவிட்டு, பக்கத்தில் பத்துப் பவுன் சங்கிலியைக் கொண்டு வாருங்கள். கம்பி அசையாது. ‘மனித உடம்பின் மின்சாரம் வேண்டும்’ என்று விற்பவர் சொல்வார். தங்கத்திலிருந்து உண்மையிலேயே ஒரு சமிக்ஞை வந்து, கருவி அதை வாங்குகிறது என்றால், ஒரு முள்ளை நகர்த்தவோ ஒரு பீப் ஒலி எழுப்பவோ அதனால் முடிய வேண்டும். ரேடியோ பாடுவதற்கு யாரும் அதைக் கையில் பிடித்திருக்க வேண்டியதில்லை.

தங்கத்துக்கென்று ஒரு ‘மூலக்கூறு அதிர்வெண்’ இருக்கிறது, அதே அதிர்வெண்ணை அனுப்பினால் புதைந்த தங்கம் எதிரொலிக்கும் என்பதுதான் விளம்பரப் புத்தகங்களின் பொதுவான விளக்கம். உலோகத் தங்கத்தில் மூலக்கூறே கிடையாது, அணுக்கள் வரிசையாக அடுக்கிய படிகம் அது. அணுக்கருவை அதிர வைத்துப் பதில் கேட்கும் தொழில்நுட்பம் நிஜமாகவே ஒன்று உண்டு. எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு அடிப்படை அதுதான். அதற்கு அறையை அடைக்கும் பெரிய காந்தம் வேண்டும், சோதிக்கப்படுவது அதன் வயிற்றுக்குள் போய்ப் படுக்க வேண்டும். ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு தென்னந்தோப்பின் மறுகோடியில் அதைச் செய்ய வழியில்லை.

இன்னொரு வாதம் கொஞ்சம் சாமர்த்தியமானது. நூறு வருடம் மண்ணில் கிடந்த தங்கத்தைச் சுற்றி ஒரு அயனி வளையம் உண்டாகும், கருவி அதைத்தான் பிடிக்கும், நேற்று வைத்த சங்கிலியைக் காட்டாது என்பார்கள். எந்தச் சோதனையையும் தட்டிக்கழிக்கவென்றே பிறந்த வாதம் இது. இரும்பும் செம்பும் மண்ணில் அரித்துச் சுற்றிலும் கறை படியவைக்கும், அது உண்மை. தங்கம் அரிக்காது. அதனால்தான் அதைப் புதைத்தே வைத்தார்கள்.

ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் எத்தனை தாலிக்கொடி, எத்தனை மூக்குத்தி, எத்தனை பீரோ! கருவி சொல்வதுபோல் வேலை செய்தால் ஊருக்குள் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காது அந்தக் கம்பி. கருவிக்காரரை நகைக்கடை வீதிக்கு அழைத்துப் போய் எந்தக் கடையில் லாக்கர் இருக்கிறது என்று கேட்டால் தாராளமாகக் காட்டுவார், போர்டைப் படிக்கத் தெரிந்தவர்.

நீதிமன்றம் வரை போன கம்பிகள்

புதையல் தேடி ஏமாந்தவர்கள் வெளியே சொல்வதில்லை. வெட்கம் ஒரு காரணம், சட்டத்துக்குத் தெரியாமல் தோண்டியது இன்னொரு காரணம். அதனால் இந்தக் கருவிகளின் யோக்கியதை புதையல் சந்தையில் வெளிப்படவில்லை, அதே கம்பியை போதைப்பொருளும் வெடிகுண்டும் தேட விற்றபோதுதான் வெளிப்பட்டது.

அமெரிக்காவில் குவாட்ரோ டிராக்கர் என்ற கருவியைப் பள்ளிகளுக்கும் காவல்துறைக்கும் 8,000 டாலர் வரை விலை வைத்து விற்றார்கள். போதைப்பொருளையும் ஆயுதத்தையும் காட்டும் என்றார்கள். சாண்டியா தேசிய ஆய்வகம் சோதித்தது, எஃப்பிஐயும் பார்த்தது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் வேலை செய்கிற பாகம் எதுவும் இல்லை. 1996இல் டெக்சாஸிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் விற்பனையைத் தடை செய்தது.

ஏடிஈ 651 இன்னும் கொடுமை. பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கார்மிக், கோல்ஃப் பந்து தேட என்று 20 டாலருக்கு விற்ற ஒரு விளையாட்டுச் சாமானிலிருந்து தொடங்கி, அதே மாதிரியை வெடிகுண்டு கண்டுபிடிப்பான் என்று ஒன்று 40,000 டாலர் வரை விலை வைத்து ஈராக்குக்கு விற்றார். பாக்தாத்தின் சோதனைச் சாவடிகளில் வண்டிகளைப் பரிசோதித்தது இந்தக் கம்பிதான். 2010 ஜனவரியில் பிபிசிக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகம் அதன் ‘உணரும் அட்டை’யைப் பிரித்துப் பார்த்தது. கடைகளில் துணிமணி திருடு போகாமலிருக்க ஒட்டும் மலிவான டேக் மட்டுமே உள்ளே இருந்தது. 2013இல் மெக்கார்மிக்குக்குப் பத்து ஆண்டுச் சிறை கிடைத்தது. அதன் பிறகும் கருவி சாவடிகளில் இருந்தது. 2016 ஜூலையில் பாக்தாத்தின் கராதா பகுதியில் நடந்த குண்டுவெடிப்பில் நூற்றுக்கணக்கானோர் இறந்த பிறகுதான் ஈராக் பிரதமர் அவற்றைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். தண்டனைத் தீர்ப்புக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே மூன்று வருடம். கையில் திரும்பும் கம்பியின் மீதான நம்பிக்கை எவ்வளவு கெட்டியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஜிடி200 என்ற இன்னொரு போலி வெடிகுண்டுக் கருவி தாய்லாந்தில் ஓடியது. 2010 பிப்ரவரியில் அரசே ஒரு சோதனை வைத்தது. நான்கு பெட்டிகளில் ஒன்றில் வெடிமருந்து, எதில் என்பது பிடித்திருப்பவருக்குத் தெரியாது. இருபது முறையில் நான்கு முறை சரியாகச் சொன்னார்கள். கருவியே இல்லாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் சராசரியாக ஐந்து சரியாக வந்திருக்கும். இதை விற்ற கேரி போல்டனுக்கு 2013இல் ஏழு ஆண்டு.

புரோக்கரின் சூட்கேஸில் இருப்பது இந்தக் கருவிகளில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கைப்பிடி, சுழலும் கம்பி, தூரத்து வீச்சு, ‘அதிர்வெண்’ விளக்கம் நான்கும் சேர்ந்திருந்தால் வம்சம் ஒன்றுதான். உள்ளே விளக்கு மினுக்கும் சர்க்யூட் போர்டு இருந்தாலும் கம்பிக்கும் அதற்கும் என்ன இணைப்பு என்று கேட்டுப் பாருங்கள்.

வாளிச் சோதனை

இவ்வளவு சொல்லியும் வீட்டில் ஒருவர், பெரும்பாலும் மூத்த அண்ணனோ சித்தப்பாவோ, ‘ஒரு தடவை பார்த்துவிடலாமே’ என்பார். பார்க்கலாம், காசு கொடுக்கும் முன்னால்.

ஒரே மாதிரிப் பத்து பிளாஸ்டிக் வாளிகளை முற்றத்தில் நாலடி இடைவெளியில் கவிழ்த்து வையுங்கள். முதல் சுற்று திறந்த சுற்று. நகையை ஒரு வாளிக்கு அடியில் கருவிக்காரர் கண்ணெதிரிலேயே வைத்து, கருவி காட்டுகிறதா என்று கேளுங்கள். கட்டாயம் காட்டும். அதோடு, இந்த இடம் சரியா, மின்கம்பி இடைஞ்சல் இருக்கிறதா, பேட்டரி போதுமா, நேரம் நல்ல நேரமா என்று எல்லாவற்றுக்கும் அவர் வாயாலேயே சம்மதம் வாங்கிவிடுங்கள். பின்னால் வரப்போகும் சாக்குகளை முன்னாலேயே அடைப்பதற்காகத்தான் இந்தச் சுற்று.

அடுத்து மூடிய சுற்று. அவரும் வீட்டாரும் உள்ளே போய்விட வேண்டும். ஒருவர் மட்டும் வெளியே நின்று, சீட்டுக் குலுக்கி வந்த எண்ணுக்குரிய வாளியின் அடியில் நகையை வைத்துவிட்டு, கொல்லைப் பக்கமாக வெளியேறிவிட வேண்டும். வைத்தவர் அங்கேயே நின்றால் அவர் கண் போகும் திசையைக் கருவிக்காரர் பிடித்துவிடுவார், தெரிந்தோ தெரியாமலோ. விடையை எழுதி வைத்த பிறகே வாளியைத் தூக்க வேண்டும். இப்படிப் பத்து முறை.

குருட்டாம்போக்கில் சொன்னாலும் பத்தில் ஒன்று சரியாகும். மூன்று சரியாக வருவதும் அதிசயமில்லை, மூன்றோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்தால் வர நூற்றுக்கு ஏழு வாய்ப்பு உண்டு. ஐந்தைத் தொட ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவுதான். ஒரு கிலோமீட்டர் தாண்டிப் பார்க்கும் கருவிக்கு நாலடி எட்டத்தில் ஒன்பது மதிப்பெண் கேட்பது அநியாயமாகாது. என் அனுபவ ஊகம் ஒன்று: பெரும்பாலான பார்ட்டிகள் இந்தச் சோதனையைக் கேட்டதுமே வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். அதுவும் ஒரு விடைதான், செலவில்லாத விடை.

மெட்டல் டிடெக்டர்: வேலை செய்யும், ஆனால் முழங்கால் ஆழத்துக்கு

நிஜமான டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், லாங் ரேஞ்ச் ஏன் நடக்காது என்பதும் சேர்ந்தே விளங்கும். அடியிலுள்ள சுருளில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் போய், அங்கிருக்கும் உலோகத்தில் ஒரு சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்ப, சுருள் அதைப் பிடிக்கிறது. போகும்போது தூரத்தின் மூன்றாம் அடுக்கில் பலம் குறைகிறது, வரும்போது மறுபடி மூன்றாம் அடுக்கில். கூட்டினால் ஆறாம் அடுக்கு. முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக் காசு கொடுக்கும் சமிக்ஞை, அதே காசு அறுபது சென்டிமீட்டரில் கிடந்தால் அறுபத்து நாலில் ஒரு பங்காகிவிடும். பேட்டரியை இரண்டு மடங்காக்கினாலும் ஆழம் விரலளவுதான் கூடும்.

ஆகவே சாதாரணக் கை டிடெக்டர் தனிக் காசை ஓரடிக்குள் காட்டும். குடம் அளவு உலோகம் என்றால் சுமார் ஒரு மீட்டர் வரை எதிர்பார்க்கலாம். பல்ஸ் இன்டக்‌ஷன் வகை இன்னும் சற்று ஆழம் போகும், இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணிலும் தடுமாறாது. பதிலுக்கு, ஆணியையும் காசையும் பிரித்துச் சொல்வதில் அது மோசம். முன்னும் பின்னுமாக இரண்டு பெட்டிகளைக் கழியில் மாட்டிய டூ-பாக்ஸ் வகை சில்லறைச் சாமான்களைக் கண்டுகொள்ளாது, குடம், பெட்டி அளவுப் பொருளை மட்டும் இரண்டு மீட்டர் வாக்கில் காட்டும். நம் குடும்பக் கதைக்கு மிகப் பொருத்தமானது இதுதான், அது கிடைத்தால்.

தங்கத்தை மட்டும் தனியே காட்டும் டிடெக்டர் எதுவும் இல்லை. சின்ன மோதிரமும் சுருட்டிய அலுமினியத் தாளும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றே. இடித்த வீட்டு மண்ணில் ஆணி, கீல், தகரம், ஒயர் என்று எல்லாமே கத்தும். கான்கிரீட் தளத்தின் மேல் நின்று தேடினால் கம்பிகளின் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. எனவே விலைக்கு வாங்குவதைவிட, பயன்படுத்திப் பழகியவரை ஒருநாள் வாடகைக்கு அழைப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு குடும்பத்துக்கு வாழ்நாளில் ஒருமுறை தேவைப்படும் கருவியை வாங்கி என்ன செய்வது?

இங்கிலாந்துப் பக்கம் டிடெக்டரால் பெரும் புதையல்கள் கிடைத்தன என்ற செய்தியைக் காட்டி லாங் ரேஞ்ச் விற்பவர்களும் உண்டு. அந்தச் செய்திகள் உண்மை. 1992இல் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்னே கிராமத்து வயலில் எரிக் லாஸ், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய், சுமார் 15,000 ரோமானியக் காசுகள் கொண்ட புதையலைக் கண்டார். 2009இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் தங்கத்துக்கு 32.85 லட்சம் பவுண்டு மதிப்பிட்டார்கள். 2012இல் ஜெர்சி தீவில் ஏறக்குறைய 70,000 செல்டியக் காசுகளைக் கண்ட இருவர், முப்பது வருடமாக அந்தப் பக்கத்து வயல்களில் விட்டுவிட்டுத் தேடியவர்கள். மூன்றிலும் சுருள் நேர் மேலே போனது, பொருள் கைக்கெட்டும் ஆழத்தில் இருந்தது. கிலோமீட்டர் கணக்குக் கம்பி எதுவும் அங்கே வேலை செய்யவில்லை.

ரேடார் படமும் அதைப் படிக்கும் கண்ணும்

ஜிபிஆர் நிஜ விஞ்ஞானம். ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பி, எங்கே மண்ணின் தன்மை மாறுகிறதோ அங்கிருந்து வரும் எதிரொலியைப் படமாக்கும். காய்ந்த மணலில் சில மீட்டர் நன்றாகப் போகும். ஈரக் களிமண்ணிலும் கரிசலிலும் அலை சீக்கிரமே செத்துவிடும், ஒரு மீட்டர் பார்ப்பதே சிரமம். போர் போடுவதற்கு முன் மண்ணில் முளைகளை அடித்து மின்சாரம் செலுத்தி நீரோட்டம் பார்ப்பார்களே, அந்த மின்தடை சர்வேயும் இதற்கு உதவும். ஆனால் அது பெரிய அமைப்புகளுக்கு: புதைந்த சுவர், வெற்றிடம், பாறை, நீர். குடத்துக்கு அது ரொம்பக் கரடுமுரடு. காந்தமானி இரும்பைத்தான் காட்டும், தங்கமும் செம்பும் அதற்குத் தெரியாது. இரும்புப் பெட்டி என்ற தகவல் உறுதியாக இருந்தாலொழிய வேண்டாம்.

இந்தக் கருவிகளின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அவை ‘இங்கே ஏதோ மாறுகிறது’ என்று மட்டுமே சொல்லும். அது தங்கம் என்று சொல்வது பார்ப்பவரின் ஆசை. 2015இல் போலந்தின் வாவ்ப்ஷிக் நகருக்கு அருகே நாஜிகள் புதைத்த தங்க ரயிலை ரேடாரில் கண்டதாக இருவர் அறிவித்தார்கள். நாட்டின் துணைக் கலாச்சார அமைச்சரே 99 சதவீதம் உறுதி என்றார். கிராக்கோவ் சுரங்கப் பல்கலைக்கழக நிபுணர்கள் அதே இடத்தைத் தனியே அளந்து, ரயில் எதுவும் இல்லை என்றார்கள். அப்படியும் 2016 ஆகஸ்டில் தோண்டினார்கள். ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை, இயற்கையான மண் அடுக்குகள்தான்.

நம் நாட்டிலேயே ஒன்று நடந்தது. 2013இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டம் தௌண்டியா கேரா கோட்டைக்கு அடியில் 1,000 டன் தங்கம் இருப்பதாகச் சாமியார் ஷோபன் சர்க்கார் கனவு கண்டார். அப்போது ரிசர்வ் வங்கியின் கையிருப்பே 557 டன் சொச்சம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கருவிகளோடு போய், நிலத்தடியில் காந்தத்தன்மையற்ற ஒரு மாறுபாடு தெரிவதாக அறிக்கை கொடுத்தது. அந்த வரியைக் கனவோடு சேர்த்துப் படித்துவிட்டார்கள். அக்டோபர் 18 அன்று தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது, டிவி வண்டிகள் வரிசையாக நின்றன. பானை ஓடு, வளையல் துண்டு, ஆணி, பழைய தரை கிடைத்தன. நவம்பரில் குழியை விட்டுவிட்டார்கள். கருவி பொய் சொல்லவில்லை. கருவியிடம் யார் எந்த நினைப்போடு போனார்கள் என்பதுதான் சிக்கல்.

ஆகவே ஜிபிஆருக்குக் காசு செலவிடுவதானால் ஒரு நிபந்தனையோடு செய்யுங்கள். அளக்க வருபவரிடம் புதையல் என்ற வார்த்தையே வேண்டாம். கட்டடம் கட்டப்போகிறோம், அடியில் கிணறோ குழியோ பழைய அஸ்திவாரமோ இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். தங்கம் என்று அறிக்கையில் எழுதித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

மை போட்டுப் பார்ப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெற்றிலையில் மை தடவி உற்றுப் பார்த்தால் இடம் தெரியும் என்பது பழைய நம்பிக்கை. விஞ்ஞான ரீதியில் லாங் ரேஞ்ச் கருவிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, மை மலிவு. ஆனால் மையில் தொடங்குவது பூஜை, பரிகாரம், பூதத்துக்குப் பலி என்று நீளும். அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதைச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். கோபுரக் கலசம் அரிசியை இழுக்கும், அது இரிடியம், கோடிக்கு விலை போகும் என்ற ரைஸ் புல்லிங் மோசடியும் பெரும்பாலும் இதே புரோக்கர் வட்டத்தில் சுற்றுவதுதான். ஒன்றில் மாட்டியவரின் போன் நம்பர் அடுத்ததற்கும் போகும்.

எதுவும் வாங்காத வழி

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் அகிலாண்டேஸ்வரி கோயிலில், செடிகொடி மண்டிக் கிடந்த ஓரிடத்தைச் சுத்தம் செய்யத் தோண்டியபோது, சுமார் ஏழடி ஆழத்தில் ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. எடை 1.716 கிலோ. கருவி எதுவும் காட்டித் தரவில்லை, வேலையாட்களின் மண்வெட்டிதான். தமிழ்நாட்டில் கிடைத்த காசுக் குடங்களும் செப்புத் திருமேனிகளும் பெரும்பாலும் இப்படி வெளியே வந்தவைதான்: உழும்போது, அஸ்திவாரம் போடும்போது, குளம் தூர்வாரும்போது.

எப்படியும் இடிக்கப்போகிற வீடு என்றால், முதல் செலவு கூடுதல் கூலியாக இருக்கட்டும். பொக்லைனை விட்டு ஒரே நாளில் வாரிக் கொட்டாமல், சுவர்ப் பிறை, அடுப்படி, நெற்குதிர் இருந்த இடம், சாமி அறைத் தரை ஆகியவற்றை மட்டும் ஆள் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். முன்பு தோண்டி மூடிய இடத்தில் மண்ணின் நிறமும் இறுக்கமும் சுற்றுப்புறத்திலிருந்து மாறித் தெரியும், அனுபவமுள்ள கொத்தனாருக்கே அது தெரியும். அதற்கு மேல் சந்தேகமிருந்தால் ஒருநாள் வாடகை டிடெக்டர், தரைத்தளத்தை உடைத்து வாரிய பிறகு. திறந்த நிலம், காய்ந்த மண், கதைக்குப் பழைய கடிதமோ பாகப் பத்திரமோ ஆதாரமாக உண்டு என்றால் ஜிபிஆர் வரை போகலாம். வெறும் வாய்ப்பேச்சு மட்டும் என்றால் டிடெக்டரோடு நின்றுவிடுவேன் நான். நெஞ்சளவுக்கு மேல் குழி இறங்குவதை மட்டும் எந்தக் கருவி சொன்னாலும் செய்யாதீர்கள். முட்டுக் கொடுக்காத குழி சரிந்தால் ஆளை வெளியே எடுக்க நேரம் இருக்காது.

சட்டத்தை முதலிலேயே படித்துவிடுவது நல்லது, ஏனென்றால் புரோக்கரின் கணக்கே அதில் மாறிப்போகும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு போய்விடும், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. நூறு வருடத்துக்குள் தங்கள் முன்னோர் வைத்தது என்று நிரூபிக்க முடிகிறவர்கள் உரிமை கோரலாம், அந்தப் பழைய கடிதம் அப்போது டிடெக்டரைவிடப் பெறுமானம். பழம்பொருளாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும், கள்ளத்தனமாக விற்க வழி கிடையாது. இலங்கையில் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் புதையல் தோண்டுவதே குற்றம். அங்கே புதையல் தோண்டிக் கைதானவர்கள் பற்றிய செய்திகளில் ஸ்கேனர் இயந்திரமும் பறிமுதல் பட்டியலில் வருவது வழக்கம்.

யாரும் உரிமை கோராத புதையல் என்றால் இந்தியச் சட்டம் முக்கால் பங்கைக் கண்டெடுத்தவருக்கும் கால் பங்கை நிலத்துக்காரருக்கும் தருகிறது, இருவருக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஸ்கேன் சார்ஜையும் வாங்கிக்கொண்டு, மண்வெட்டியையும் தன் ஆளிடம் கொடுக்கிற புரோக்கரை விட்டுவிட்டால், அந்தச் சட்டத்தின் கண்ணில் கண்டெடுத்தவர் அந்த ஆள்தான். வீட்டுக்காரருக்குக் கால் பங்கு.